நாலரை மார்க்

போட்டிக்கு வந்திருந்த டாக்டர் என்னைக் குனியச் சொன்னார், இடுப்பைத் திருப்பச் சொன்னார், பக்கவாட்டில் சாயச் சொன்னார். கடைசியில் என் அட்டையில் 4.5 என்று எழுதினார். அதுக்கு மேலே யாருக்கும் கிடையாதாம்.

ஒரு ரூபாய் காயின் போனில் இரும்புலியூருக்குப் பேசி, "ஃபுல் மார்க்கும்மா" என்று அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன்.

எங்கள் டீம் கெசியாவுக்கு வெறும் ஒன்று. முதுகெலும்பில் அடிபட்டவள். நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. சக்கர நாற்காலியோடு பெல்ட் போட்டுக் கட்டிக்கொண்டுதான் ஆடுவாள். எனக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை, அவ்வளவுதான். டீமில் சேர்ந்து ரெண்டு மாசம். அதற்குள் நான்தான் ஸ்டார்.

அஸ்தினாபுரம் கிரவுண்டில் சக்கர நாற்காலி பாஸ்கெட்பால் ஃபைனல். முதல் பாதியில் ஆறு பாயிண்ட் பின்தங்கிவிட்டோம். கெசியா ஒரு பந்தைக்கூடத் தொடவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோச் சாலமோன் சாரிடம் நேராகவே கேட்டேன். "பாவம் பார்த்தா ஜெயிக்க முடியுமா சார்? கெசியாவை உட்கார வெச்சுட்டு, வெளியே சும்மா இருக்கிற அஞ்சலியை இறக்குங்க."

அது கெசியாவின் காதிலும் விழுந்துவிட்டது. பெல்ட்டைச் சரிசெய்வது மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

சார் கோபப்படவில்லை. "சரி, அஞ்சலி வரட்டும். நீயும் வெளியே வந்துடு."

"நானா? நாலரை மார்க் வாங்கினவ சார் நான்."

"அது மார்க்னு உனக்கு யாரும்மா சொன்னது?"

அப்புறம் பொறுமையாக விளக்கினார். உடம்பு எவ்வளவு ஒத்துழைக்கிறதோ, அவ்வளவு பெரிய நம்பர். உள்ளே ஆடுகிற ஐந்து பேர் நம்பரையும் கூட்டினால் பதினாலைத் தாண்டக் கூடாது. கெசியா ஒன்று என்பதால்தான் எங்களுக்குச் சரியாகப் பதினாலு. அஞ்சலி இரண்டரை. அவள் வந்தால் பதினைந்தரை. இருக்கிறதிலேயே பெரிய நம்பரான நாலரைதான் வெளியே போகணும்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. கெசியாவிடம் போய், "தப்பா பேசிட்டேன்டி, மன்னிச்சுக்கோ. வா, ஆடலாம்" என்றேன்.

"இந்த பெல்ட்டைக் கொஞ்சம் இறுக்கிவிடு" என்றாள். அதுதான் அவள் பதில்.

இரண்டாம் பாதியில்தான் அவள் ஆட்டத்தைக் கவனித்தேன். அவளுக்குப் பந்தே வேண்டாம். எதிர் டீம் நெட்டைக்காரிக்குக் குறுக்கே நாற்காலியைக் கொண்டுபோய் நிறுத்துவாள். எவ்வளவு இடித்தாலும் நகரமாட்டாள். எனக்கு வழி கிடைக்கும். போட்டேன், போட்டேன், போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரே ஒரு பாயிண்டில் கோப்பை எங்களுக்கு!

சிட்லபாக்கத்திலிருந்து ஆட்டம் பார்க்க வந்த பெரியவர் ஒருத்தர் ஓடி வந்து என் கையைக் குலுக்கினார். கெசியாவைக் காட்டி மெதுவாகக் கேட்டார்: "அந்தப் பொண்ணு பந்தையே தொடலையே. பாவம்னு டீம்ல இடம் குடுத்திருக்கீங்களாம்மா?"

"இல்ல சார்," என்றேன். "அவதான் எனக்கு இடம் குடுத்திருக்கா."