மருத்துவர் சொன்ன நடை

தினம் அரை மணி நேரம் நடக்காவிட்டால் இதயம் நின்றுவிடும் என்றார் மருத்துவர். தெருவில் சாக்கடையும் நாய்களும். அதனால் வீட்டுக்குள்ளேயே நடந்தேன், என் நூற்றுப்பத்து கிலோவும் சேர்ந்து. மூன்றாம் நாள், கீழ்வீட்டு எஸ்தர் அக்காவின் கூரைக் காரை பெயர்ந்து அவள் சோற்றுப் பானையில் விழுந்தது. பார்க்க வந்த அதிகாரி, கட்டடத்தையே இடிக்க வேண்டும் என்று எழுதி, ஊருக்கு வெளியே எனக்கு எட்டாவது மாடியில் வீடு ஒதுக்கினார்.

“லிப்ட் ஓடுமா சார்?”

“எல்லாம் வரும்.”

எப்போது என்றேன். பேனாவைத் தேடினார். சிரித்துக்கொண்டுதான் கேட்டேன்.

எஸ்தர் அக்காவின் தங்கை அங்கேதான் குடியிருக்கிறாள். அக்காவைக் கேட்டேன். என் வயிற்றைப் பார்த்தாள், பிறகு முகத்தை.

“ஓடாது தம்பி. ஒருவாட்டி எப்படியாவது ஏறிடுவ. உன்னை எறக்கத்தான் நாலு பேர் பத்தாது.”