பனியனில் அம்மா

புற்றுநோயாளிகளுக்கு நிதி திரட்டும் மாரத்தான் அது. இறந்துபோனவர்களின் படம் அச்சிட்ட பனியன்களோடு எல்லோரும் ஓடினார்கள். வசுமதியின் தம்பி கிரிதரனின் மார்பில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மா படுக்கையில் கிடந்த காலத்தில் அவன் ஒரே ஒருமுறைதான் பார்க்க வந்தான். அன்றும் அறைவாசலோடு திரும்பிவிட்டான். ஓடி முடித்தவனின் கழுத்தில் பதக்கம் மாட்டினார்கள். மைக்கை நீட்டிய பெண்ணிடம், “அம்மா கடைசி வரைக்கும் என் கூடவே ஓடி வந்தாங்க” என்றான். குரல் தழுதழுத்தது. பிறகு மூக்கைச் சிந்தி, விரல்களைப் பனியனிலேயே துடைத்துக்கொண்டான். அம்மாவின் கன்னத்தில் சளி இழையாக இறங்கியது. அம்மாவின் மலத்தையும் சீழையும் முகம் சுளிக்காமல் அள்ளிய வசுமதிக்கு அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வந்தது.

“அக்கா, வா, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்.”

“அதக் கழட்டு.”

“இங்கயா? எல்லாரும் பாக்குறாங்கக்கா.”

“கழட்டுடா.”

அவள் குரலில் என்ன இருந்ததோ, அவன் கழற்றிக் கொடுத்தான். தண்ணீர் லாரியின் குழாயடியில் பனியனை விரித்து, அம்மாவின் கன்னத்தைக் கட்டைவிரலால் மெதுவாகத் தேய்த்தாள். பின்னால் அவன் அந்தப் பெண்ணிடம், “அக்கா கொஞ்சம் எமோஷனல்” என்று சொல்வது கேட்டது. பிறகு பதக்கம் வெற்று வயிற்றில் ஆட, அவளிடம் வந்தான்.

“குடுக்கா. பேட்டி இன்னும் முடியல.”

நீட்டிய கையில் சளி காய்ந்திருந்தது. வசுமதி ஈரப் பனியனை மார்போடு அணைத்துக்கொண்டு, அந்தக் கை தன் மேல் பட்டுவிடாதபடி ஓரடி பின்னால் நகர்ந்தாள்.