இந்தக் கதவு வரைக்கும்

மூடிய படுக்கையறைக் கதவில் முதுகை ஒட்டி அவள் நிற்கிறாள். இரண்டு கைகளும் கதவு நிலையை இறுகப் பிடித்திருக்கின்றன. பாத்திரம் தேய்த்த சோப்பு நுரை முழங்கை வரை வழிகிறது. எதிரே செல்போன் குச்சியோடு நாத்தனார். காலையில் விருந்தாளியாக வந்தவள், கூடத்தையும் சமையலறையையும் நேரலையில் சுற்றிக் காட்டிவிட்டு இங்கே வந்திருக்கிறாள். போனில் மாட்டிய வட்ட விளக்கு கதவில் நிற்பவளின் முகத்தில் சுள்ளென்று அடிக்கிறது. கண் கூசினாலும் அவள் முகத்தைத் திருப்பவில்லை. கதவுக்குப் பின்னால் கணவன் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறான். வேலை போனதை மனைவியைத் தவிர யாரிடமும் அவன் இன்னும் சொல்லவில்லை.

“தள்ளுங்க அண்ணி, லைவ் ஓடுது.”

“ஓடட்டும். இந்தக் கதவு வரைக்கும்தான்.”

“உள்ள என்ன புதையலா இருக்குன்னு கமெண்ட்ல கேக்கறாங்க!”

“கேக்கறவங்க முதல்ல அவங்கவங்க பெட்ரூமைக் காட்டட்டும்.”

நாத்தனார் சிரித்துக்கொண்டே கைப்பிடியை நோக்கிக் கை நீட்டுகிறாள். கதவில் நிற்பவள் இடுப்பால் அதை மறைக்கிறாள். அப்போது உள்ளே ஓர் இருமல். சட்டென்று அவளும் இருமுகிறாள், வேண்டுமென்றே பலமாக. ஆனால் கூடப் பிறந்தவளுக்கு அந்த இருமல் தெரியாதா? நாத்தனாரின் சிரிப்பு அடங்குகிறது. கட்டைவிரலால் நேரலையை அவளே நிறுத்துகிறாள். விளக்கு அணைகிறது. சமையலறைக் குழாய் சொட்டுவது கேட்கிறது.

“அண்ணன் ஆபீஸ் போகலையா?” குரல் தணிந்திருக்கிறது.

“அதை அவர் சொல்லுவார். அவருக்கு எப்போ தோணுதோ அப்போ.”

கைகள் இன்னும் நிலையை விடவில்லை.