கூப்பிடு தூரத்துக்கு ஒரு வெப்சைட்

"இன்னாடா அது, வெப்சைட்டு?"

கேட்டவள் கங்கம்மா. நொச்சிக்குப்பத்து ரோட்டோரம் மீன் விற்றுவிட்டு அப்போதுதான் கூடையை இறக்கி வைத்திருந்தாள்.

"கம்ப்யூட்டர்ல நம்ம குடும்பத்துக்குன்னு ஒரு பக்கம்மா. ஆடிக் கூழுக்கு சொந்தக்காரங்க எல்லாம் அம்மன் கோயில்ல ஒண்ணா சேர்றோம்ல? எந்தத் தேதி, எந்த நேரம், யார் யார் நம்ம ஜனங்க, எல்லாத்தயும் அதுல போட்டுடலாம். பாத்துட்டு வந்துருவாங்க" என்றான் பிரபாகர். மந்தைவெளியில் புதிதாகத் திறந்த பிரௌசிங் சென்டரில் அவனுக்கு வேலை.

மகனைப் பார்த்துச் சிரிப்பதா, திட்டுவதா? கங்கம்மாவுக்கு இரண்டும் சேர்ந்தேதான் வரும்.

"ஏண்டா கஸ்மாலம், உங்க பெரிய அத்த சீனிவாசபுரத்துல கீறா. சின்ன அத்த ஊரூர் குப்பத்துல கீறா. மிச்சம் பேரு இதே தெரு. நான் கரையில நின்னு ஒரு சத்தம் உட்டா அல்லாருக்கும் கேக்கும். நம்ம ஜனங்க இன்னா அமெரிக்காவுலயா குந்திகினு கீது? அதுசரி, பாக்கறதுக்கு யாராண்ட கீது கம்ப்யூட்ரு?"

"கடைக்கு வந்தா நானே காட்டுவேன்."

"மந்தவெளி வரைக்கும் இட்டும்போயி காட்டுவியா? அதுக்கு வூட்லயே கூப்ட்டுர மாட்டோமா?"

"ரெண்டாயிரம் பொறக்கப் போவுதும்மா. இப்ப எல்லாரும் போடறாங்க."

"எல்லாரும்னா? அந்தக் கடையில ஒரு பொண்ணு கீதே, அஸ்வினி. அதாண்ட பீத்திக்கத்தானே?"

பிரபாகர் அவசரமாகக் கூடையைத் தூக்கி ஓரமாக வைக்கப் போனான். அது போதாதா அவளுக்கு?

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. இந்த வருஷம் கூழ் ஊற்றும் முறை அவள் புருஷன் மாசிலாமணிக்கு. முறைக்காரர் வெற்றிலை பாக்கோடு வீடு வீடாகப் போய் அழைக்க வேண்டும். அழைக்காத வீட்டுக்காரர்கள் கூழுக்கு வர மாட்டார்கள். அப்புறம் எந்த நல்லது கெட்டதுக்கும் வர மாட்டார்கள். மற்ற வீடெல்லாம் சரி, நாலு வீடு தள்ளி இருக்கும் கொழுந்தன் வேலு வீட்டுக்கு யார் போவது? போட் எஞ்சின் தகராறில் அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தி மூன்று வருஷமாகிறது. முதலில் போகிறவன் தோற்றவன் என்று ஆகிவிட்டது. இந்த முறையும் அந்த வீடு விட்டுப்போனால் குடும்பம் இரண்டானது இரண்டானதுதான். அந்தக் கவலையில் கொஞ்ச நாளாகவே அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இவன் என்னடாவென்றால் பொண்ணுக்குப் படம் காட்டுகிறான்!

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த மாசிலாமணி கையை நிறுத்தினார்.

"டேய், அதுல போட்டா வூடு வூடா போவ வாணாமா?"

"வாணாம் நைனா."

"வெத்தல பாக்கு?"

"அதுவும் வாணாம்."

"யாரு கூப்டறாங்கன்னு பேரு வருமா?"

"குடும்பத்தார்னு மட்டும் போட்டுக்கலாம்."

மாசிலாமணி ஒரு வாய் சோற்றை வெகுநேரம் மென்றார்.

"அப்ப நான் எவனயும் தனியா கூப்ட்டதா ஆவாது. பாத்துட்டு எவனாவது வந்தா, அவனா வந்ததுதான். இன்னா?"

"ஆமா நைனா."

"சரி, போடு. ஒரு பேரு உட்டுப்போவக் கூடாது." தொண்டையைச் செருமிக்கொண்டார். "வேலு பேரு இல்லன்னா ஊர்ல நாலு பேரு தப்பா பேசுவாங்க. அதுக்குத்தான் சொல்றேன்."

யார் முகத்தையும் பார்க்காமல் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கங்கம்மா அவர் போவதையே பார்த்தாள். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சாதிக்கிற மனுஷன், மூன்று வருஷம் கழித்துத் தம்பி பேரை வாயால் சொல்லிவிட்டாரே! அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. வெப்சைட்டு மேலேயே ஒரு பிரியம் வந்துவிட்டது.

அடுத்த நிமிஷமே வேறு கவலை பிடித்துக்கொண்டது.

"டேய் பிரபா, உங்க நைனா எறங்கி வந்துட்டாரு. அந்தத் திமிரு புடிச்சவன் வருவானா? போன வருஷம் நைனா மஞ்சக்காமாலையில படுத்துக்கினு கெடந்தப்ப ஊரே வந்து பாத்துச்சு. உங்க சித்தப்பன் வந்தானா? நாலு வூடு தாண்ட அவனுக்குக் காலு வரல. கல்லு மனசு!"

"அம்மா..."

"நீ சும்மா இரு. எதுனா சாக்கு சொல்லி அவன உங்க கடைக்கு இட்டும்போயி, நீ போடறத அவன் கண்ணுல காட்டிடு. அப்பால நீ எந்தப் பொண்ணாண்ட வேணா பீத்திக்க. நான் கேக்க மாட்டேன்."

பிரபாகர் தலையைச் சொறிந்தான்.

"அவரு கடைக்கு வந்துட்டுப் போயிட்டாரும்மா. போன வாரமே."

"யாரு?"

"சித்தப்பாதான். வெப்சைட்டு போடற யோசனையே அவரு வந்து அழுததாலதான் வந்துது. நைனாவுக்கு மட்டும் தெரிய வாணாம்னாரு."

"அழுதானா? வேலுவா? இன்னாடா சொன்னான்?"

"சண்ட போட்ட அன்னிக்கு நைனா கோவத்துல, 'இனிமே நீ என் வாசப்படிய மிதிச்சா நான் பொணம்'னு சொல்லிட்டாராமே. 'நான் மிதிச்சு எங்கண்ணனுக்கு எதுனா ஆயிட்டா இன்னா பண்றது பிரபா? படி மிதிக்காம அண்ணனாண்ட போயி சேர்றதுக்கு உன் கம்ப்யூட்டர்ல எதுனா வழி கீதா?'ன்னு கேட்டாரும்மா."