நானூற்றுப் பதின்மூன்றாவது படம்

ஸ்ஃபாக்ஸ் நகரில் மோன்ஜியின் ஸ்டூடியோ கணினியில் மூன்று ஹார்ட் டிஸ்க்குகள் இருந்தன. முதல் இரண்டிலும் எப்போதும் ஒரே மாதிரியாக வாடிக்கையாளர்களின் கல்யாணப் படங்கள் பதிவாகும். தனியாக இருந்த மூன்றாவதில் இறந்துபோன மனைவி தலெந்தாவின் படங்கள். ஏப்ரலில் அந்த மூன்றாவது பழுதாகி, எல்லாம் போயிற்று.

"ஊரான் கல்யாணத்துக்கு ரெண்டு பிரதி, எங்க அக்காவுக்கு ஒண்ணு. நல்லா இருக்கு அத்தான்," என்றான் அவள் தம்பி ரிதா.

அடுத்த வாரம் ஒரு கல்யாணத்தின் படங்களை ஏற்றியதும், முதல் இரண்டு டிஸ்க்குகளும் ஒத்துப்போகவில்லை என்று கணினி எச்சரித்தது. மோன்ஜி இரண்டையும் தனித்தனியே திறந்து பார்த்தான். முதலாவதில் நானூற்றுப் பன்னிரண்டு படங்கள், இரண்டாவதில் ஒன்று கூடுதல். அந்தக் கூடுதல் படத்தில், அந்த ஊர்க் கல்யாண வழக்கப்படி மணமக்கள் தரையில் வைத்த மீனைத் தாண்டுகிறார்கள். பின்னால் நிற்கும் பெண்களுக்கு நடுவே தலெந்தா கைதட்டுகிறாள்.

"பழைய படம் எதாவது கலந்திருக்கும் அத்தான்."

"இந்தக் கல்யாணப் பொண்ணு போன வாரந்தானே மீனைத் தாண்டினா?"

ரிதா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

இரண்டாவது டிஸ்க்கை முதலாவதைப் போல மாற்றவா என்று தினமும் காலையில் கணினி கேட்கிறது. மோன்ஜி வேண்டாம் என்று அழுத்திவிட்டுக் காபி குடிக்கிறான். ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒரு படம் கூடுகிறது.

தலெந்தா முப்பத்தொரு வயதில் இறந்தாள். போன சனிக்கிழமைப் படத்தில் அவளுக்குக் காதோரம் நரைத்திருக்கிறது.