பனிக்கடலில் ஒரு நீலக் கதவு

பீர்மேட்டில் தேயிலைக் காட்டையொட்டிய தன் வீட்டின் முன்னறையைச் சித்ரா சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட நினைத்தாள். இணையத்தில் பதியும்போது அட்சரேகைக் கட்டத்தில் தீர்க்கரேகையையும், தீர்க்கரேகைக் கட்டத்தில் அட்சரேகையையும் போட்டுவிட்டாள். ஒரு மாதமாக ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. ஜீப் ஓட்டும் அவள் கணவன் லோகேஷ்தான் தவறைக் கண்டுபிடித்தான்.

“வடக்க ஒன்பதரை, கிழக்க எழுபத்தேழுன்னு போடணும் புள்ள. நீ மாத்திப் போட்டதுல நம்ம வீடு வட துருவத்துப் பக்கம் பனிக்கடல்ல நிக்குது.”

சித்ராவுக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்தே அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. யாரோ தங்கிவிட்டுப் போனதாக எழுதியிருந்தார்கள்: ‘ஏலக்காய் டீ அருமை. குளிர்தான் தாங்க முடியவில்லை.’ கூடவே ஒரு படம். அதே நீலக் கதவு, படியில் அதே கறிவேப்பிலைத் தொட்டி. சுற்றிலும் பனிக்கட்டி மிதக்கும் கடல். வாசலில் ஒருத்தி டீத்தட்டுடன் நின்றாள்.

“ஏங்க, இதுல நிக்கிறது நான்தானே?”

“எவனோ ஒட்டுவேலை பண்ணியிருக்கான். மொதல்ல நம்பர மாத்து.”

மாற்றினாள். வரைபடத்தில் வீடு பீர்மேட்டுக்கு வந்து சேர்ந்தது. உலையில் அரிசியைப் போட்டுவிட்டும் அவள் போனைக் கீழே வைக்கவில்லை.

மதியம் இன்னொரு படம் வந்தது. ‘மறுபடியும் வந்தோம். வீட்டைக் காணோம்.’

கதவும் இல்லை, படியும் இல்லை. பனிப்பாளத்தின் மேல் அவள் மட்டும், கதவு இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தபடி நின்றாள். தட்டிலிருந்த டீயில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.