இரண்டாவது கடி

பாமிர் மலையடியில் இருக்கும் எங்கள் விடுதியில், வெளிநாட்டவருக்கான அறிவுரைகளை எழுதி ஒட்டியவள் நான்தான். முதலாவது: நண்பகலுக்குப் பிறகு ஆற்றைக் கடக்காதீர்கள், பனி உருகி வெள்ளம் ஏறும். கடைசியானது அம்மா சொன்னது: கிளம்புமுன் ரொட்டியை ஒரு கடி கடியுங்கள். மீதியைச் சுவரில் உயரத்தில் ஆணியில் மாட்டிவைப்போம். போனவர் திரும்பிவந்து தின்று முடிக்கவேண்டும்.

விடுதியில் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரி இங்க்ரித் அதைப் படித்துச் சிரித்தாள். "இதுதான் உங்க ஊரு இன்சூரன்ஸா?"

"அதைவிட மலிவு. கடிச்சிட்டுப் போம்மா," என்றாள் அம்மா.

அவள் கடித்துவிட்டுத் தனியாக மலையேறினாள். மாலை நான்கு மணியாகியும் வரவில்லை. அம்மா வாசலைவிட்டு நகரவில்லை. மூன்று வருடங்களுக்கு முன், பரீட்சை எழுதப் போன நிகினா அக்காவை அந்த ஆறு கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. அக்கரைப் பள்ளிக்கு அதன்பின் அம்மா என்னை அனுப்பவில்லை. அக்கா ஒரு கடி கடித்த ரொட்டியையும் ஆணியிலிருந்து எடுக்கவில்லை. இந்த மூன்று வருடங்களில் நான் அக்காவைவிட உயரமாக வளர்ந்துவிட்டேன்.

ஐந்து மணிக்கு இங்க்ரித் இடுப்புவரை நனைந்து வந்து நின்றாள்.

"உங்க பொண்ணு எங்கே? கையைப் பிடிச்சு ஆத்தைக் கடத்திவிட்டுட்டு முன்னாடி ஓடிவந்தாளே!"

அம்மா என்னைக் காட்டினாள். "இவளா?"

"இல்லை. இவளைவிடக் குள்ளம்."

அம்மா சுவரைப் பார்த்தாள். அக்காவின் ரொட்டியில் இரண்டாவது கடி இருந்தது. கல்லாய்க் காய்ந்திருந்த ரொட்டி அந்த இடத்தில் மட்டும் ஈரமாக இருந்தது.

அம்மா சுத்தியலை எடுத்துவந்து, அக்காவுக்கு எட்டும் உயரத்தில் புது ஆணி அடித்து, அந்த ரொட்டியை அதில் மாட்டினாள்.